எதிர்பார்க்காத பிள்ளை என்றால், யார் எதிர்பார்க்காத பிள்ளை?

யூலை 13. கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகரின் கேள்வி

எங்கள் ஒழுங்கையில் மேசன் வேலை செய்பவரின் மகளுக்கு ஓ.எல். (சாதாரணதர) பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ, அதாவது 9ஏ. ஒரேயொரு பாடத்துக்குத்தான் ரியூசனுக்குப் போனவள். அதே ஒழுங்கையில் டொக்டர் வீடு ஒன்று, எஞ்சினியர் வீடு ஒன்று, ஆசிரியர் வீடு இரண்டு இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து ரியூட்டரி ஏறி இறங்கியும் ஏழு ஏ, ஆறு ஏ என்று நின்றுவிட்டார்கள். எதிர்பார்க்காத இடத்தில் இருந்து ஒரு பிள்ளை இப்படி வருவது எப்படி? மூளையா, உழைப்பா, அதிர்ஷ்டமா? படிப்பித்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ.

யூலை 13, இரவு. வடமராட்சியில் இருந்து, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை

மூளை, உழைப்பு, அதிர்ஷ்டம் மூன்றும் அந்தப் பிள்ளையோடு சேர்ந்தவை. "எதிர்பார்க்காத" என்ற சொல்லைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்தச் சொல்தான் உறுத்துகிறது. அந்த எதிர்பார்ப்பு யாருடையது? ஒழுங்கையில் இருப்பவர்களுடையதா, பள்ளிக்கூடத்துடையதா? பிள்ளையின் தாய் தகப்பன் என்ன நினைத்திருந்தார்கள் என்று யாராவது கேட்டீர்களா?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. 31 வருஷம் கணிதம் படிப்பித்தேன். ஓ.எல். பரீட்சைக்கு முந்திய கிழமை, ஒரு சீ.ஆர். கொப்பியில் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் எழுதி, பக்கத்தில் இவருக்குக் கணிதத்தில் இது வரும் என்று பென்சிலால் குறித்து வைப்பேன். பெறுபேறு வந்ததும் அடுத்த நிரலில் பேனையால் எழுதுவேன். யாருக்கும் காட்டியதில்லை. என் கணிப்பு எவ்வளவு சரி என்று பார்க்கிற ஆசை, அவ்வளவுதான். 1991 முதல் 1994 வரை எழுதிய கொப்பி இன்னும் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டு இன்று எடுத்துத் தூசி தட்டினேன்.

பென்சிலில் எழுதியதைவிடப் பேனையில் இரண்டு படியோ அதற்கு மேலோ கூட வந்தவர்கள் பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரில் ஏழு பேர் கடற்கரையோரம் உள்ள இரண்டே ஊர்களைச் சேர்ந்தவர்கள். வகுப்பில் அந்த இரண்டு ஊர்ப் பிள்ளைகள் காற்பங்கு, கூடிப்போனால் அதற்குக் கொஞ்சம் மேல். இத்தனை வருஷம் அந்தக் கொப்பியை வைத்திருந்தும் ஊர்வாரியாக நான் எண்ணிப் பார்த்ததில்லை. இன்றுதான் எண்ணினேன். நித்திரை வரவில்லை.

யூலை 14, காலை

அந்த ஏழு பேரில் ஒருவனைப் பற்றி எழுத வேண்டும். 1993ஆம் ஆண்டு வகுப்பு.

கரைவலை இழுக்கிற வீட்டுப் பெடியன். விடிய வலை இழுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவான். முதலாம் பாடம் கணிதம் என்றால் பாதிப் பாடம் போன பிறகு வந்து வாசலில் நிற்பான். காற்சட்டை விளிம்பில் உப்புக் காய்ந்திருக்கும். கடைசி வாங்கு. வீட்டுக்கணக்கு செய்திருக்கமாட்டான். நானும் கேள்வி கேட்கிறபோது அவனைத் தாண்டிப் போய்விடுவேன், வெட்கப்படுத்தக் கூடாது என்று. அப்போது அதை இரக்கம் என்று நினைத்தேன். கொப்பியில் அவன் பெயருக்கு நேரே பென்சிலால் எஃப் என்று எழுதினேன். வந்தது டி.

பெறுபேறு பார்க்க வந்தவனைத் தனியே கூப்பிட்டு, "யாரைப் பார்த்து எழுதினாய்?" என்று கேட்டேன். அதட்டிக் கேட்கவில்லை. மெதுவாக, சொன்னால் ஒன்றும் செய்யமாட்டேன் என்கிற குரலில் கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போய்விட்டான். சான்றிதழ் எடுக்கக்கூட வரவில்லை, தாய்தான் வந்து வாங்கிக்கொண்டு போனா. உயர்தரம் படிக்கவும் எங்களிடம் வரவில்லை.

பரீட்சை மண்டபத்தில் அவனுடைய சுட்டெண்ணுக்கு முன்னும் பின்னும் இருந்தவர்கள் யார் என்று பிறகு ஒரு நாள் பார்த்தேன். இரண்டு பேருக்கும் எஸ். பார்த்து எழுதி டி எடுப்பதற்கு அவனுக்குப் பக்கத்தில் டி எடுத்த பிள்ளையே இருக்கவில்லை. அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முதல் பார்த்திருக்க வேண்டிய கணக்கு அது.

யூலை 14, மத்தியானம்

டி, எஃப் என்றால் என்ன என்று இளம் பிள்ளை ஒருவர் கேட்டிருக்கிறார். இப்போதைய ஏ, பி, சி, எஸ், டபிள்யூ வருவதற்கு முன் ஓ.எல். பரீட்சையில் டி, சி, எஸ், எஃப் என்று நாலு படிதான். டி அதிவிசேடம், சி திறமை, எஸ் சாதாரணம், எஃப் சித்தியில்லை. இன்றைக்கு 9ஏ என்கிற மாதிரி அன்றைக்கு எட்டுப் பாடத்துக்கும் டி எடுத்தால் ஊரே கதைக்கும்.

யூலை 16

இரண்டு நாளாக யோசித்ததில் ஒன்று தெளிகிறது. நான் எதைப் பார்த்துப் பென்சில் பிடித்தேன்? மாதச் சோதனைப் புள்ளிகளும் அதே கொப்பியின் பின்பக்கத்தில் இருக்கின்றன. அந்த ஊர்ப் பிள்ளைகளின் சோதனைப் புள்ளி மோசமில்லை. நான் பார்த்தது பிந்தி வருவதை, வீட்டுக்கணக்கு செய்யாமல் வருவதை, கசங்கிய கொப்பியை.

அந்த வருஷங்களை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். போரினால் 1990க்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் கிடையாது. பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, துளித்துளியாக எண்ணெய் விட்டு, திரி கொளுத்திப் படித்தார்கள் பிள்ளைகள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோ கரண்டில் வானொலிச் செய்தி கேட்ட காலம். அந்த ஜாம் போத்தலிலும் இருக்கிற வீடு, இல்லாத வீடு என்று உண்டு. சந்தைக்குக் கிட்ட இருந்த கடைக்கார வீட்டில் பத்து மணி மட்டும் விளக்கு எரியும். கடற்கரைக் கொட்டிலில் சாப்பிட்டு முடிய ஊதி அணைத்துவிடுவார்கள், மிச்ச எண்ணெய் நாளைக்கு வேண்டும். வீட்டுக்கணக்கு செய்யாத கொப்பியில் நான் பார்த்தது அந்த வீட்டு எண்ணெயின் அளவு. அதைப் பிள்ளையின் தலைக்குள் இருப்பதன் அளவு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆசிரியப் பயிற்சியில் படித்த ஒன்று இப்போது நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் நுண்ணறிவுச் சோதனைப் புள்ளியை வைத்துப் பிள்ளை பரீட்சையில் எவ்வளவு எடுக்கும் என்று கணிப்பார்கள். கணித்ததைவிடக் கூட எடுத்தால் சக்திக்கு மிஞ்சிச் சாதித்த பிள்ளை என்று பெயர், குறைய எடுத்தால் சக்தி இருந்தும் சாதிக்காத பிள்ளை. ரொபேட் தோர்ண்டைக் என்கிற கல்வி உளவியலாளர் 1963இல் இதற்காகவே ஒரு சிறு நூல் எழுதினார். கணித்ததற்கும் வந்ததற்கும் இடையில் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி கணிப்பின் பிழை, அளக்கிற கருவியின் பிழை, கணக்கில் சேர்க்காமல் விட்ட சங்கதிகளின் விளைவு என்பது அவர் வாதம். பயிற்சிக் காலத்தில் அதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். என் கொப்பிக்கும் அது பொருந்தும் என்று தோன்றவே இல்லை.

இன்னொன்று. ரோசென்தால், ஜேக்கப்சன் என்ற இரண்டு பேர் கலிபோர்னியாவில் ஒரு ஆரம்பப் பள்ளியில் செய்த சோதனை, 1968இல் வெளிவந்தது. பிள்ளைகளில் ஐந்தில் ஒரு பங்கைச் சீட்டுக் குலுக்கிற மாதிரித் தெரிந்தெடுத்து, இவர்கள் இந்த வருஷம் மலரப் போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். வருஷ முடிவில் சின்ன வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே முன்னுக்கு வந்திருந்தார்கள். ஆகவே எதிர்பார்த்தால் பிள்ளை வரும், எதிர்பார்க்காவிட்டால் வராது. உங்கள் ஒழுங்கைப் பிள்ளையை யாரோ ஒருவர் எதிர்பார்த்திருக்கிறார், தேடிப் பாருங்கோ.

யூலை 17

கரவெட்டியில் இருந்து புள்ளிவிபரவியல் படிக்கிற தம்பி ஒருவர் என் எண்ணிக்கையைப் பிழை பிடித்திருக்கிறார். அவர் சொல்வது சரி. டி என்று நான் எழுதிய பிள்ளை அதற்கு மேலே போக முடியாது. எஃப் என்று எழுதிய பிள்ளை அதற்குக் கீழே போக முடியாது. ஆகவே கீழே எழுதப்பட்ட பிள்ளைகள்தான் எப்போதும் "எதிர்பாராமல்" ஏறுவார்கள். கடற்கரைப் பிள்ளைகளை நான் கூடுதலாகக் கீழே எழுதியிருந்தால் பதினொன்றில் ஏழு வருவதில் அதிசயம் இல்லை, ரீச்சர் ஓரவஞ்சகம் செய்தா என்று அதை வைத்து நிரூபிக்க முடியாது என்கிறார்.

எனக்காகப் பரிந்து பேசுகிறார், தெரிகிறது. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுவோம். ஒரே படி எழுதிய பிள்ளைகளை மட்டும் எடுத்தேன். நாலு வருஷத்திலும் நான் எஸ் என்று எழுதியவர்கள் 64 பேர். அதில் அந்த இரண்டு ஊரும் 26 பேர், மற்ற ஊர்கள் 38 பேர். இரண்டு கூட்டத்துக்கும் மேலே போக ஒரே இடைவெளி, கீழே விழவும் ஒரே இடைவெளி. கடற்கரையில் 26 பேரில் 15 பேர் சி அல்லது டி எடுத்தார்கள். மற்ற ஊர்களில் 38 பேரில் 9 பேர்.

தம்பி, இப்போது என்ன சொல்கிறீர்கள்?

யூலை 17, இரவு

திருத்தம். ஒரு பிள்ளையைக் கடற்கரைக் கணக்கில் பிழையாகச் சேர்த்துவிட்டேன். அவள் பெரியம்மா வீட்டில் அங்கே தங்கியிருந்தாள், வீடு உள்ளூரில். ஆகவே கடற்கரை 25 பேரில் 14, மற்றது 39 பேரில் 10. பெரிய மாற்றம் இல்லை, ஆனாலும் சரியாக இருக்கட்டும்.

யூலை 18

இன்னொரு திருத்தமும் எழுத வேண்டும். நேற்று முந்தினம் ரோசென்தால் சோதனையை வேதவாக்குப் போல எழுதிவிட்டேன். அந்தச் சோதனையைக் கடுமையாகக் கண்டித்தவர்களில் முதன்மையானவர் யார் தெரியுமா? அதே தோர்ண்டைக். அந்தச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்த சோதனையே அந்த வயதுக்கு நம்பத்தக்கதல்ல என்று 1968இலேயே எழுதினார். பிறகு மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோதும் அவ்வளவு பெரிய விளைவு வரவில்லை. எதிர்பார்ப்புக்கு ஒரு பலன் உண்டு, ஆனால் அது மந்திரக்கோல் போல வேலை செய்வதில்லை.

சரி, அப்படியென்றால் அது எந்த வழியாக வேலை செய்கிறது? எனக்குத் தெரிந்த ஒரு வழி, காத்திருக்கிற நேரம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கப் பெண்மணி வகுப்பறைகளில் ஒலிப்பதிவு செய்து அளந்து பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு செக்கன்தான். அதை மூன்று செக்கனாக்கினால் பிள்ளைகளின் பதில் நீளுகிறது, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள்.

இதை நான் செய்து பார்த்திருக்கிறேன், ஓய்வுபெற ஏழெட்டு வருஷம் இருக்கும்போது. கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். நம்பமாட்டீர்கள், மூன்று செக்கன் வகுப்பில் அவ்வளவு நீளம். முதல் நாள் பிள்ளைகள் எனக்கு ஏதோ சுகமில்லை என்று நினைத்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி எழும்பி, "ரீச்சர், தண்ணி கொண்டுவரட்டோ?" என்று கேட்டாள். இரண்டு கிழமையில் பழகிவிட்டார்கள். கடைசி வாங்கில் இருந்து கை எழும்பத் தொடங்கியது. அப்போதுதான் எனக்குள் உறைத்தது: 1993இல் அந்தப் பெடியனுக்கு நான் ஒரு செக்கன்கூடக் காத்திருக்கவில்லை. கேள்வியே கேட்கவில்லையே.

யூலை 19

வல்வெட்டித்துறைக்காரர் ஒருவர், "எங்கட ஆக்களைப் பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை" என்று கேட்கிறார். எழுதத்தான் இருந்தேன். என் கேள்விக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், வல்வெட்டித்துறைக் கரையில் எங்கள் மேஸ்திரிமார் கட்டியது. வில்லியம் ஆல்பேட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கி, தன் மனைவியின் பெயரான ஃபுளோரன்ஸ் ரொபின்சன் என்று மாற்றினார். வல்வெட்டித்துறைத் தண்டையலும் (கப்பல் தலைவர்) வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதைச் செங்கடல், மத்தியதரைக்கடல், அத்திலாந்திக் தாண்டி ஓட்டிக்கொண்டுபோய், 1938 ஓகஸ்ட் மாதம் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அங்கே கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அதிசயம். வேட்டி கட்டிய மனிதர்கள் இத்தனை கடலைத் தாண்டி வருவார்கள் என்று யார் எதிர்பார்த்தது?

வல்வெட்டித்துறையில் அதை யாராவது எதிர்பாராத சாதனை என்று நினைத்திருப்பார்களா? பெருமைப்பட்டிருப்பார்கள், பயணத்தை நினைத்துப் பயந்தும் இருப்பார்கள். ஆனால் பர்மாவுக்கும் இந்தியக் கரைகளுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பாயோட்டிய ஊர். தண்டையலுக்குக் கடல் தெரியும் என்பது அவர்களுக்குச் செய்தியே இல்லை. குளொஸ்டர்க்காரர்களுக்குத்தான் அது செய்தி.

அந்தக் கடற்கரையில் வளர்ந்த பிள்ளைகளைத்தான் நான் எஸ் என்று எழுதினேன். காற்றையும் நீரோட்டத்தையும் வைத்து வலை வளைக்கிற இடத்தைக் கணிக்கிற வீட்டுப் பிள்ளைகள். திசைகொண்ட கணியம் பற்றி நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளங்கப்படுத்தியபோது, ஒரு வள்ளம் நீரோட்டத்துக்குக் குறுக்கே போனால் எங்கே ஒதுங்கும் என்று அவர்களிடம் ஒரு முறையாவது கேட்டிருக்கலாம்.

யூலை 20

டொமினிக் ஜீவாவைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. இளம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாமல் போகிறதோ என்ற கவலையும் இருக்கிறது.

1927இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். சவரத் தொழிலாளர் குடும்பம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டார். விட்ட காரணம் வறுமை மட்டும் அல்ல, சாதியைச் சொல்லி ஆசிரியர் செய்த அவமானம். கஸ்தூரியார் வீதியில் இருந்த சலூன்தான் பிறகு அவருக்குப் பல்கலைக்கழகம். அங்கே வேலை செய்துகொண்டே வாசித்தார், எழுதினார். 1960இல் வந்த அவருடைய முதல் சிறுகதைத் தொகுதிக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966இல் "மல்லிகை" சஞ்சிகையைத் தொடங்கினார். ஒரு தனிமனிதர், பெரிய பணக்காரர் யாரும் பின்னால் இல்லை, போர், இடப்பெயர்வு எல்லாவற்றுக்குள்ளும் நாற்பது வருஷத்துக்கு மேலாக அதை நடத்தினார். இதழ்களைக் கையில் சுமந்துகொண்டு தெருத்தெருவாக, ஊர் ஊராகப் போய் விற்றார். ஈழத்து எழுத்தாளர்கள் எத்தனையோ பேரின் படத்தை அட்டையில் போட்டு ஊருக்கு அறிமுகம் செய்தார். 2021இல் காலமானார்.

எங்கள் வீட்டுக்கு ஐயா மல்லிகை வாங்கிக்கொண்டு வருவார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வெள்ளை வேட்டி கட்டி, நசனல் சட்டை போட்டு, தோளில் பையோடு வந்த அவரைப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். ஐயா மரியாதையாக நின்று கதைத்தார். வீட்டுக்கு வந்து, "ஐந்தாம் வகுப்புப் படித்த மனிசன், என்ன மாதிரி எழுதுது பார்" என்றார். பாராட்டித்தான் சொன்னார். நானும் பல வருஷம் அதே வசனத்தை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகளுக்கு ஊக்கம் கொடுக்க.

இப்போது அந்த வசனத்தைச் சொல்ல மனம் வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியது யார் என்பதை அந்த வசனம் சொல்லாமல் விட்டுவிடுகிறது. ஒரு ஆசிரியர் ஒரு சிறுவனை வாயால் துரத்தினார். அந்தச் சிறுவன் வாழ்நாள் முழுக்க உழைத்து அதைப் பொய்யாக்கினார். நாங்கள் வந்து, எதிர்பார்ப்பைத் தாண்டிச் சாதித்தார் என்று கைதட்டுகிறோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவ முதுமாணிப் பட்டம் தர முன்வந்தபோது அவர் ஏற்க மறுத்தார். அந்த மறுப்பை அகங்காரம் என்று சொன்னவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஒரு படைப்பாளியின் தகுதிக்கு இவ்வளவு போதும் என்று இன்னொருவர் அளந்து தருவதை அந்த வயதிலும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

யூலை 20, இரவு

"அப்போ வசதியுள்ள வீட்டில், பரம்பரை வித்தையில் பிறந்தவர்கள் சாதித்தால் கணக்கில்லையா?" என்று அளவெட்டியில் இருந்து கேட்கிறார்கள். உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி தவில் வீட்டில் பிறந்தார், தவில் வாசிப்பார் என்பது எல்லாரும் எதிர்பார்த்தது. ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய வித்துவான்களே வியக்கிற மாதிரி வாசிப்பார் என்று எந்தப் பென்சிலும் எழுதியிருக்காது. 1975இல், நாற்பத்தொரு வயதில் போய்விட்டார். அவருக்கு வித்தையின் வாசல் திறந்தே இருந்தது. ஜீவா தட்டித் திறந்தார். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்கிறோம் என்பதுதான் என் மனக்குறை.

யூலை 23

கோண்டாவில்காரர் எழுதுகிறார்: சந்தியில் பிள்ளையின் படம் போட்டுப் பதாகை கட்டிவிட்டார்களாம். இரண்டு ரியூட்டரி வந்து இலவசமாகப் படிப்பிக்கிறோம் என்று கேட்டதாம். டொக்டராக்கிவிட வேண்டும் என்று ஒழுங்கையே முடிவெடுத்துவிட்டதாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. போன கிழமை வரை ஒன்றும் எதிர்பார்க்காதவர்கள் இன்றைக்கு எல்லாவற்றையும் எதிர்பார்க்கிறார்கள்.

ஆழிக்குமரன் ஆனந்தனை நினைத்துப் பாருங்கோ. தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார், கிட்டத்தட்ட 27 மணித்தியாலம். அப்படி ஒன்று முடியும் என்று அதற்கு முதல் யாரும் நினைக்கவில்லை. ஆனந்தன் 1971இல் போய்த் திரும்பினார், 51 மணித்தியாலம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக எத்தனை சாதனை. 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் அங்கேயே உயிர் போனது. அவர் தன் விருப்பத்தோடு கடலில் இறங்கியவர், அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையைக் கடலில் இறக்கிவிட்டுக் கரையில் நின்று கைதட்டுகிற வேலையை நாங்கள் செய்யக் கூடாது.

பிள்ளைக்கு எந்தப் பிரிவு விருப்பம் என்று கேட்டீர்களா? உயர்தரத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி என்பது அந்த வருஷம் அந்தப் பாடம் எழுதியவர்களின் சராசரியில் இருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்கிற கணக்கு. பாடத்தில் பிடிப்பு இல்லாமல் மற்றவர்களின் ஆசைக்காக உயிரியல் எடுத்து, இரண்டு முறை எழுதி, மூன்றாம் முறையும் எழுதிக் களைத்த கெட்டிக்காரப் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

யூலை 24

கேட்டாராம். பிள்ளைக்குக் கணிதப் பிரிவுதான் விருப்பமாம். வீடு கட்டுகிற இடங்களுக்குத் தகப்பனோடு போய், சீமெந்து எத்தனை பை, கல் எத்தனை என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது ஆறாம் வகுப்பில் இருந்தே அவள் வேலையாம். தகப்பன் அவளைக் கேட்காமல் சாமானுக்கு ஓடர் கொடுப்பதில்லையாம்.

ஆக, எதிர்பார்த்த ஒருவர் இருந்திருக்கிறார். ஐந்து வருஷமாக அவளுடைய கணக்கை நம்பித் தன் காசைப் போட்டவர்.

யூலை 27

இன்று காலை மீன் சந்தைக்குப் போனேன். 1993ஆம் ஆண்டுப் பெடியனின் தாய் இன்னும் அங்கே மீன் விற்கிறா. எத்தனையோ வருஷமாக அவவிடம் மீன் வாங்கியிருக்கிறேன், விலை கேட்பதைத் தவிர வேறு கதைத்ததில்லை. இன்றைக்குக் கூடையை வைத்துவிட்டு நின்றேன்.

மகன் கனடாவில். கட்டட வேலைக்குப் போனவன், இரவில் படித்து இப்போது அளவையாளராக இருக்கிறானாம். நான் அன்றைக்கு அவனிடம் கேட்டதைச் சொல்லி, பிழை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவவுக்கு அது தெரியாது. அவன் வீட்டில் சொல்லவே இல்லை. கொஞ்ச நேரம் பாரை மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தா. பிறகு சொன்னா:

"அவன் படிப்பான் எண்டு எனக்குத் தெரியும் ரீச்சர். வலை இழுத்திட்டு வந்து, வாடிக்குள்ள இருந்து நிலத்தில ஈர்க்கால கணக்குச் செய்வான், எண்ணெய் இல்லாதபடியா விடிஞ்ச வெளிச்சத்தில. அதுதான் உங்களிட்டப் பிந்தி வாறது. நீங்கள் ஒருக்காலும் என்னட்டக் கேக்கேல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. மீனுக்குக் காசு வாங்கினா, மிச்சம் தந்தா. மகனிடம் சொல்லட்டோ என்று கேட்டா. சொல்லுங்கோ என்றேன். அவன் என்ன நினைப்பானோ தெரியாது, என்ன நினைத்தாலும் அது அவனுடைய உரிமை.

யூலை 30

கரவெட்டித் தம்பி கொப்பியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிக் கேட்டார். பெயர்கள் இருப்பதால் அனுப்பமாட்டேன். ஆனால் பக்கங்களைப் புரட்டும்போது, 1994க்குப் பிறகும் ஒரு பக்கம் இருப்பதைக் கண்டேன். மறந்தே போனது.

1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் எங்கள் பக்கத்துக்கும் வந்தபோது, பள்ளிக்கூடத்தில் பின்னேர வகுப்பு வைத்தோம். ஆண்டு பத்தில் எனக்கு 22 புதுப் பிள்ளைகள். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று மட்டும் தெரியும். பழைய புள்ளி தெரியாது, தாய் தகப்பன் என்ன தொழில் என்று தெரியாது. எல்லாருடைய உடுப்பும் ஒரே மாதிரிக் கசங்கியிருந்தது. எல்லாருக்கும் கொப்பி இல்லை. யார் கெட்டிக்காரர் என்று தெரியாததால் எல்லாரிடமும் கேள்வி கேட்டேன். ஆறு மாதம் இருந்தார்கள். சித்திரைக்குப் பிறகு ஊர் திரும்பினார்கள், பரீட்சையை அங்கே எழுதினார்கள்.

அந்தப் பக்கத்தில் 22 பெயரும் இருக்கின்றன. பென்சில் நிரல் வெறுமை. என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டிருக்கிறேன். பேனை நிரலில் 19 பேருடைய பெறுபேறு இருக்கிறது, கடிதத்திலும் ஆட்களிடம் கேட்டும் அறிந்தது. மூன்று பேருடையது தெரியாது. இரண்டு பேர் அண்ணன் தங்கை, மல்லாகம் பக்கம். மற்றவள் ஒரு கால் சற்றுச் சாய்த்து நடப்பாள், கேத்திர கணிதம் நன்றாக வரும், ஏழாலை என்று எழுதியிருக்கிறேன். 1995இல் வடமராட்சியில் பின்னேர வகுப்பில் படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எனக்குச் சொல்லுங்கோ.